ஏற்றத்தின் உச்சியில் எஞ்சினை நிறுத்தியவள்

தெய்வானை போய்விட்ட செய்தியை அவள் மகள் மலர்தான் சொன்னாள். ஊட்டி காந்தலில் அன்று காலை உறைபனி விழுந்திருந்தது. வாசல் குழாயில் தண்ணீர் உறைந்துபோய், அதன்மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போது கைபேசி அடித்தது. "பெரியம்மா, அம்மா விடியக்காலம போயிருச்சு. தேத்தண்ணி கேட்டாங்க. ஊத்திக்கிட்டு வந்து பார்த்தா இல்ல." அவ்வளவுதான் சொன்னாள். வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சேரம்பாடிக்குப் போகும் பேருந்திலேயே அழைப்புகள் வர ஆரம்பித்துவிட்டன. "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட ஜீவன்" என்றார் ஒருவர். "சிலோன்ல இருந்து வெறுங்கையோட வந்தவங்க, பாவமுங்க" என்றார் இன்னொருவர். மூன்றாவதாகப் பேசிய அம்மாள் அவளை வாயில்லாப் பூச்சி என்றார். எனக்குக் கூடலூர் வரை அழுகைதான் வந்துகொண்டிருந்தது. இதைக் கேட்டதும் அழுகை நின்று கோபம் வந்தது. வாயில்லாப் பூச்சியா? தெய்வானையா? அந்த அம்மாள் வேறு யாரையோ நினைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டுவிட்டார் என்றே நினைக்கிறேன்.

இதைப் படிக்கப்போகிறவர்கள் அவளை அறிந்தவர்கள். மேல் லயத்து வரிசைவீடுகளில் பிறந்தவர்களில் பலர் அவள் வண்டியின் தயவில் பிறந்தவர்கள். உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன், அவளைப் பாவம் என்று சொல்லாதீர்கள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே மழையில் நனைந்திருக்கிறோம். 'அவர்' என்று எழுதினால் அவளே சிரித்துவிடுவாள்.

நான் சேரம்பாடித் தோட்டத்து மருந்தகத்துக்கு மருத்துவச்சியாக வந்தது, கப்பலில் வந்தவர்களை இந்த மலைக்கு லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்த காலம். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்களை இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசிப் பங்கு பிரித்துக்கொண்டன. இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களில் ஒரு பகுதி இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மருந்தகம் கீழே சாலையோரம். ஆட்கள் குடியிருந்த லயங்கள் மேலே, சாலை ஓர் உச்சியில் ஏறி இறங்குகிற மறுபக்கத்து மலைச்சரிவில்; போனாலும் வந்தாலும் ஏற்றம் உண்டு. மழைக்காலத்தில் அங்கிருந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கீழே கொண்டுவருவது என்றால், மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி நான்கு ஆண்கள் தூக்கிவர வேண்டும்.

மருந்தகத்துக்கு ஒரு வண்டி இருக்கத்தான் செய்தது. தாய்நாடு திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள். இரண்டு சிலிண்டர் எஞ்சின். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளும்படியான சைடுகார். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, வண்டி பின்பக்கம் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. தெய்வானை அப்போது மருந்தகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்த புதிது. அவளுடைய பேச்சும், தேநீரை அவள் 'தேத்தண்ணி' என்பதும் எனக்கு வேடிக்கையாக இருந்த நாட்கள் அவை.

ஓர் ஆடி மாத மத்தியானம், போர்வையில் ஒருத்தியைத் தூக்கிவந்தார்கள். வழுக்கி விழுந்து எழுந்து, சுற்றுவழியாக வந்து சேர்வதற்குள் நேரமாகிவிட்டது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. தெய்வானை தரையைக் கழுவினாள். வாளியை வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போய்த் தார்ப்பாயை இழுத்துத் தள்ளினாள்.

"இது ஓடுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஓடுமுங்க. ஓட்டறதுக்குத்தான் ஆளில்லை."

"நான் ஓட்டுவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவள் கணவர் இலங்கையில் தோட்டத்துத் தபாலை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தாராம். அவருக்கு நெஞ்சுநோய் முற்றிய பிறகு, வேலை போய்விடக் கூடாதே என்று இவளே தோட்டத்துக்குள் வண்டியை ஓட்டியிருக்கிறாள். "தொர மொகத்தச் சுளிச்சாரு. தபால் நேரத்துக்கு வந்துச்சு, வாய மூடிக்கிட்டாரு" என்றாள். கணவரை அங்கேயே மண்ணுக்குள் வைத்துவிட்டு, மலரை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறியவள் அவள். கொசுவத்தை இழுத்துச் செருகி, கொழுந்தெடுப்பவர்கள் இடுப்பில் கட்டுகிற முரட்டுத் துணியான படங்கை அதன்மேல் கட்டிக்கொண்டு கிக்கரின் மேல் ஏறி நின்றாள். வண்டி அன்றைக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. அதற்கடுத்த நாள் கிளம்பியபோது சமையற்கட்டிலிருந்து கம்பவுண்டர் ஓடிவந்து, எதுவோ வெடித்துவிட்டது என்றார்.

ஓட்டுநர் உரிமத்துக்குப் போனபோது அங்கிருந்தவர், "ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டார். "இருந்தா அவர கூட்டிக்கிட்டு வந்து ஒங்ககிட்ட காட்டிட்டு நான்தானே ஓட்டுவேன்" என்றாள் தெய்வானை. பக்கத்தில் நின்ற எனக்கு வேர்த்துவிட்டது. ஆனால் உரிமம் கிடைத்துவிட்டது. அந்த மனிதர் நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சிரித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்த் திரும்பி வரும்போது, அவள் மருந்தகத்துப் பின்வாசலில் பிளக்குகளைக் கழற்றிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு ஸ்பார்க் பிளக். உள்ளே பெட்ரோலைப் பற்றவைப்பது அதுதான். அதன் நுனியில் படிந்த நிறத்தைப் பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும் என்பாள். எனக்கு எல்லாம் கரியாகத்தான் தெரிந்தது. அவள் எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள்.

"நீ புள்ளத்தாச்சி கண்ணுக்குக் கீழ இழுத்துப் பாக்குறயே, செவப்பா இருக்கா வெளுத்திருக்கான்னு. அதேதான் இது. பால் கொஞ்சமா ஊத்துன தேத்தண்ணி நெறத்துல இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம். அடுப்புக்கரி மாதிரி இருந்தா பெட்ரோல் கூடிப்போச்சு. கரியில எண்ண தடவுன மாதிரி பளபளன்னு இருந்தா உள்ள தேஞ்சு போச்சு. சுண்ணாம்பா வெளுத்திருந்தா காத்து கூடி, பெட்ரோல் கொறஞ்சு, சூடு ஏறுதுன்னு அர்த்தம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கோணுமா?"

"இருக்கணும். ஒரு வயித்துல ரெட்டப்புள்ள இருந்து, ஒண்ணு கொழுகொழுன்னும் ஒண்ணு நோஞ்சானாவும் பொறந்தா நீ என்னா சொல்லுவ? ஒண்ணுக்குச் சாப்பாடு சரியாப் போகலன்னுதானே?"

அது எனக்கு உடனே புரிந்தது. அதைவிட முக்கியமாக அவள் சொன்னது வேறு. பிளக்கை எப்போது கழற்றிப் பார்க்கிறோம் என்பதுதான் எல்லாம் என்பாள். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது இருக்கிற நிறம்தான் உண்மையான நிறம். ஏறி முடித்து வாசலில் வந்து நின்று, சும்மா உறுமவிட்டுப் பிறகு கழற்றினால், அந்தச் சும்மா நின்ற நேரத்துக் கரிதான் மேலே படிந்திருக்கும். "சும்மா நிக்கும்போது எல்லாம் கருப்பாத்தான் இருக்கும். ஏத்தத்துல பாக்கணும்" என்பாள். இதை அவள் என்னிடம் மட்டுமல்ல, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னாள். தன் திறமையை அடக்கி வாசிக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. "இந்த மலையில இந்த எஞ்சினப் பத்தி என்னவிட யாருக்குத் தெரியும், வரச் சொல்லு" என்று சாலையில் நின்று சொல்லக்கூடியவள்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு மேல் லயத்துக்காரர்கள் போர்வையை மறந்தார்கள். வலி எடுத்தால் ஒருவர் குறுக்குவழியில் ஓடிவந்து சொல்வார். நாங்கள் இருவரும் போவோம். வரும்போது சைடுகாரில் அந்தப் பெண் இருப்பாள், நான் பின்னால் தொற்றிக்கொண்டு வருவேன். ஊருக்குள் பேச்சு வராமலா இருக்கும்? சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறாள் என்றார்கள். சிலோன்காரிக்கு வெட்கம் கிடையாது என்றார்கள். ஒரு நாள் தேவாலா கடைவீதியில் ஒருவர் இதை எங்கள் காதில் விழும்படியே சொன்னார். தெய்வானை வண்டியை நிறுத்தினாள். "வெக்கம் கப்பல்ல வரும்போது கடல்ல விழுந்துருச்சுங்க. ஒங்க வீட்டுல வலி வந்தா சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தடுத்த மழைக்காலங்களில் வண்டிக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு தடவை ஒரு பெண்ணோடு பாதி ஏற்றத்தில் நின்றே போய்விட்டது. அந்தப் பெண் இறங்கி என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நல்லபடியாகப் பிரசவமும் ஆயிற்று. ஆனால் விஷயம் கமிட்டிக்குப் போய்விட்டது. மருந்தகக் கமிட்டியின் செயலாளருக்கு முதலிலிருந்தே இந்த ஏற்பாடு பிடிக்காது. கெட்ட மனிதர் அல்ல. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தவர். அவர் வண்டியைக் கூடலூரில் ஒரு பட்டறைக்கு அனுப்பினார். பட்டறைக்காரர் வண்டியை முற்றத்தில் நிறுத்தி, வெகுநேரம் உறுமவிட்டு, பிறகு பிளக்குகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். இரண்டும் கன்னங்கரேல். இரண்டு சிலிண்டரும் போய்விட்டது, இனிச் செலவு செய்வது வீண் என்று சொல்லியனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

கமிட்டி வண்டியை விற்றுவிடுவது என்று தீர்மானித்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வாங்க வந்தார். பழைய வண்டிகளை வாங்கிச் சரிசெய்து ஓட்டுகிற பிரியம் உள்ளவர். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. வேறு வண்டி வாங்குவதாக யாரும் சொல்லவில்லை. அதாவது மேல் லயத்துப் பெண்களுக்கு மறுபடியும் மூங்கிலும் போர்வையும்தான். தெய்வானை அன்று கழுவிய தரைதான் என் கண்முன் வந்தது.

தெய்வானை யாரும் கூப்பிடாமலே கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். நானும் அவள் பின்னால் போனேன். அவள் அன்று பேசியதை நான் இன்று வரை மறக்கவில்லை. "அய்யா, சும்மா நிறுத்தி வெச்சு உறும விட்டா எந்த எஞ்சினும் கருத்துத்தான் போகும். எங்களையும் கப்பல்ல இருந்து எறக்கி முகாமுல மாசக்கணக்கா சும்மா உக்கார வெச்சாங்க. அப்ப வந்து பார்த்தவங்க எல்லாம், இவங்க சோம்பேறிங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. பொறகு இந்தக் காட்டக் குடுத்தாங்க. தேயில வெச்சோமா இல்லையா? வண்டிய ஏத்தத்துல பாருங்க. பொறகு விக்கிறதா வேணாமான்னு பேசுவோம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது கமிட்டி கூட்டமுங்க அம்மா, பட்டிமன்றம் இல்லீங்க. மழைல நாங்க வண்டி பின்னாடி மலையேறி வர முடியுங்களா? எல்லாம் முடிவாயிடுச்சுங்க."

"நீங்க மேல வர வேணாம். ஏத்தத்த நான் கீழ கொண்டுகிட்டு வர்றேன்" என்றாள் தெய்வானை. அவள் என்ன சொல்கிறாள் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்த மலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது புதிதல்ல. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் லாரிக்காரர் முதல் எல்லோரும் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் போட்டு, சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வருவார்கள். பிரேக் ஒன்றுதான் துணை. அதனால் சிலர் பள்ளத்துக்கும் போயிருக்கிறார்கள். எங்கள் கமிட்டி அதை மருந்தக வண்டிக்குத் தடைசெய்திருந்தது. அது சரியான தடை. தெய்வானையும் அதை மதித்தாள். பெட்ரோல் மிச்சம் பிடிக்க அவள் ஒரு நாளும் அப்படி உருட்டியது கிடையாது.

சனிக்கிழமை காலை அவள் என்னைச் சைடுகாரில் உட்காரச் சொன்னாள். என் மடியில் ஓர் அரிசி மூட்டை, காலடியில் இன்னொன்று. "புள்ளத்தாச்சி பாரம் வேணும்ல?" என்றாள். ஆட்கள் எல்லோரும் மருந்தகத்து முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே போகிறோம் என்று செயலாளர் கேட்பதற்குள் வண்டி சாலைக்கு ஏறிவிட்டது.

ஏற்றம் முழுவதும் அவள் முறுக்கிப் பிடித்த ரேஸைக் குறைக்கவே இல்லை. எஞ்சின் அலறியது. வலது பக்கம் ஏதோ நெருடுகிறது என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். உச்சி வளைவில், சாலை மறுபக்கம் இறங்கத் தொடங்குகிற இடத்தில், முறுக்கிய கையை விடாமலே எஞ்சினை அணைத்துக் கிளச்சைப் பிடித்தாள். சட்டென்று அமைதி. மழை இலையில் விழுகிற சத்தம் கேட்டது. வண்டியை மெதுவாகத் திருப்பி, வந்த வழியையே பார்த்து நிறுத்தினாள்.

"இங்கேயே கழட்டிப் பாரேன்" என்றேன்.

"பார்த்து? நீயும் நானும்தானே பார்ப்போம். அவங்க கண்ணு முன்னால கழட்டணும். இனி எஞ்சின் ஒரு தடவ ஓடுனாலும் நெறம் மாறிப்போகும். அப்பிடியே எறக்குறேன். கெட்டியாப் பிடிச்சுக்க."

"கமிட்டி தடை பண்ணியிருக்குது, தெய்வானை."

"ஆமா. இன்னைக்கு ஒருநாள் அவங்க திட்டட்டும்."

நான் என் ஆயுளில் அவ்வளவு ஜெபம் செய்ததில்லை. பனிமூட்டத்தில் சாலையின் ஓரம் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியவில்லை. அவள் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் எதிரே பேருந்து வந்தது. எங்கள் வண்டியில் சத்தமே இல்லாததால் அதன் ஓட்டுநருக்கு நாங்கள் வருவது தெரியவில்லை. தெய்வானை தொண்டை கிழியக் கத்தினாள். நானும் கத்தினேன், அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு. பேருந்து ஒதுங்கியது. ஓட்டுநர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. தெய்வானை திருப்பிச் சொன்னதையும் எழுத முடியாது.

முற்றத்தில் வந்து நின்றபோதும் நான் அரிசி மூட்டையை விடவில்லை. செயலாளர் கோபத்தில் சிவந்திருந்தார். "எஞ்சின அணைச்சிட்டா வந்தீங்க? தடை பண்ணியிருக்கறது தெரியுங்களா?" தெய்வானை ஸ்பானரை எடுத்தாள். சூடான பிளக்குகளைத் துணியில் பிடித்துக் கழற்றி, சைடுகாரின் மூக்கில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தோம். இடது பிளக், அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே தேத்தண்ணி நிறம். அப்பாடா என்று இருந்தது. பிறகு வலது பிளக்கைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது.

அங்கே நின்றவர்களில் அந்த நிறங்களின் அர்த்தம் தெரிந்தவர்கள் அவளும் நானும் மட்டும்தான். "என்னங்க, நல்லா இருக்குதுங்களா?" என்று செயலாளர் கேட்டார். அவருடைய குரலில் கொஞ்சம் தயக்கம் வந்திருந்தது. கரி இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விற்பனை அன்றைக்குத் தள்ளிப்போகும். நான் அவள் பின்னால் நின்று இடுப்பில் கிள்ளினேன். சொல்லிவிடு தாயே, நல்லா இருக்கென்று சொல்லிவிடு.

"எடது நல்லா இருக்கு. எஞ்சின் தேயல, பட்டறையில சொன்னது தப்பு. ஆனா வலது வெளுத்திருக்கு" என்றாள் தெய்வானை. "எங்கயோ காத்து இழுக்குது. இப்பிடியே பாரத்தோட இன்னும் நாலு ஏத்தம் ஏறுனா பிஸ்டன்ல ஓட்ட விழுந்துரும். நான் சரி பண்ணுவேன். ஆனா இப்ப நல்லா இல்ல."

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. செயலாளர் முகம் மலர்ந்தது. "கேட்டுக்கோங்க. அவங்க வாயாலயே சொல்லீட்டாங்க. இதுக்கு மேல என்னங்க? ஆக வேண்டியத பார்க்கலாமுங்க" என்று கோயம்புத்தூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

கோயம்புத்தூர்க்காரர் குடையை மடக்கினார். வெளுத்த பிளக்கை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "ஏனுங்க, தினம் ஓட்டறவங்களே பிஸ்டன்ல ஓட்டை விழுமுங்கறாங்க. இதப் போயி நான் எப்படிங்க வாங்கறது? எனக்கு வேண்டாமுங்க" என்றார்.

"அப்படி இல்லீங்க, அந்தம்மா சும்மா..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

"அவங்க சும்மா சொல்ற ஆளு மாதிரி தெரியலீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாலையில் இறங்கிப் பேருந்துக்கு நின்றார். நான் அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தெய்வானை என்னை முறைத்தாள். அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

கார்புரேட்டரிலிருந்து வலது சிலிண்டருக்குப் போகிற குழாயின் இணைப்பில் கேஸ்கட் என்கிற அடைப்பு அட்டை பிய்ந்து போயிருந்தது. அந்த வழியாகத்தான் காற்று. மருந்துப் பெட்டியின் தடித்த அட்டையில் ஒன்று வெட்டி வைத்து இறுக்கினாள். அடுத்த ஏற்றத்தில் இரண்டு பிளக்கும் தேத்தண்ணி நிறம். வண்டி நின்றது. அதாவது எங்களிடமே நின்றது. செயலாளர் தடையை மீறியதற்காக அவளுக்கு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தார். அதை அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். "தப்பு செஞ்சதுக்குத்தானே குடுக்குறாரு, குடுக்கட்டும்" என்றாள். அவரும் கடைசி வரை மாறவில்லை. அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

வெகுகாலம் கழித்து ஒரு நாள் கேட்டேன். "அந்த ஆளு பயந்து ஓடட்டும்னுதானே அன்னைக்கு அப்படிச் சொன்னே?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஓடுவாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வெளுத்திருந்துச்சு, வெளுத்திருக்குன்னு சொன்னேன். நல்லா இருக்குன்னு சொல்லி வண்டி நம்மகிட்டயே நின்னு, பொறகு ஒரு புள்ளத்தாச்சியோட ஏத்தத்துல பிஸ்டன் ஒடஞ்சா நீயா தள்ளுவ?" அன்றைக்கு நான் கிள்ளியதை அவள் மறக்கவில்லை என்பதும் தெரிந்தது. இடுப்பைத் தடவிக் காட்டினாள்.

மருந்தகத்துக்கு ஜீப் வந்த பிறகு அந்த வண்டியை இரும்புக்கடைக்கு அனுப்பியவளும் அவள்தான். நான் கண்கலங்கினேன். "இரும்புக்கு எதுக்கு அழுவுற? ரோடு வந்துருச்சு, ஜீப் வந்துருச்சு. அதுதானே நாம கேட்டது" என்றாள். கையோடு கமிட்டியிடம் போய் ஜீப்பையும் தன்னிடம் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் அவள் ஜெயித்ததையும்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுவலி என்று கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். வராந்தாவிலேயே மலரும் மருமகனும் என்னை நிறுத்தினார்கள். "டாக்டர் பெருசாச் சொல்றாரு பெரியம்மா. அம்மாகிட்ட அல்சருன்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அப்பிடியே சொல்லிருங்க. தாங்க மாட்டாங்க" என்றாள் மலர். அவள் அழுதுகொண்டே சொன்னாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். பெற்றவளைப் பற்றி ஒரு மகள் அப்படிக் கேட்கும்போது வேறு என்ன சொல்வது?

தெய்வானை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் மஞ்சள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "எஸ்தரு, இவங்க அல்சருங்கிறாங்க. அல்சருக்கா இம்புட்டுப் பேரு வந்து தலமாட்டுல நின்னு மூக்க உறிஞ்சுறாங்க? நீ சொல்லு. மழுப்பாத."

மலர் என் பின்னால் நின்று தோளை அழுத்திப் பிடித்தாள். அல்சர்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அல்சர் இல்லை, தெய்வானை. புத்துநோய். ஈரலுக்குப் போயிருச்சு. இனி மருந்துக்குக் கேக்காது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வலிக்கு மருந்து வீட்டுல வெச்சுக் குடுக்கலாமா?" என்று கேட்டாள் தெய்வானை.

"குடுக்கலாம். நான் வந்து இருக்கறேன்."

"அப்ப இங்க என்னாத்துக்குக் கெடக்கேன்? மலரு, செருப்ப எடு."

டாக்டர் எவ்வளவோ சொன்னார். அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். சேரம்பாடி வீட்டில் அவள் இருந்த அந்தக் கடைசி வாரங்கள் எனக்குத் தெரியும், நானும் பெரும்பாலும் அங்கேயே இருந்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, லயத்துப் பாதையில் தண்ணீர் தேங்குவதைப் பற்றிப் பஞ்சாயத்துக்காரரைக் கூப்பிட்டுத் திட்டி, வாய்க்கால் வெட்ட வைத்தாள். தன்னோடு பேசுவதை விட்டுவிட்ட தங்கையைத் தேவாலாவிலிருந்து வரவழைத்து, இன்னொரு தடவை சண்டை போட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். தன்னை எங்கே புதைக்க வேண்டும் என்று மருமகனிடம் இடத்தைக் காட்டினாள். இடம் சரிவாக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு, சரிவுதான் எனக்குப் பழக்கம் என்றாள். ஊட்டியில் மகன் வீட்டு வேலையாக இரண்டு நாள் போய்வருகிறேன் என்று நான் காந்தல் வந்திருந்தபோதுதான் போய்விட்டாள். அதற்காக அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

அடக்கத்தன்று ஒருவர், நான் கேட்கும்படியாகவே, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அவள் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாள் என்றார். மனசு விட்டுப்போய்விட்டதாம். அவருக்கு இங்கேதான் பதில் சொல்கிறேன். மனசு விட்டுப்போனவள் வாய்க்கால் வெட்ட வைக்கமாட்டாள். அல்சர் என்று நம்பிக்கொண்டு அந்தக் கட்டிலில் கிடந்திருந்தால் தங்கையின் முகத்தைக்கூடப் பார்த்திருக்கமாட்டாள். நான் சொன்னதற்கு எனக்கு வருத்தம் இல்லை. மலருக்கும் இப்போது இல்லை.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். ஒருவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டால், என் பின்னால் நிற்பவர்களுக்காக நான் பதிலை மாற்றுவதில்லை. கிழவிக்கு வாய் அதிகம் என்று என் மகன் சொல்கிறான், சொல்லட்டும். என் முறையும் வரும். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்ல அவள் என் பக்கத்தில் இருக்கமாட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆனால் என் வீட்டாரும் இதைப் படிப்பார்கள், ஆகவே எழுதிவைக்கிறேன். என்னிடம் அல்சர் என்று சொல்லிப் பாருங்கள். நானும் செருப்பைத்தான் கேட்பேன்.